இரண்டு கார், ஒரு முகம்

"கதவைச் சாத்திட்டு வாங்க" என்று சீஃப் சொன்னபோதே ஏதோ வில்லங்கம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கார் வடிவமைப்பு ஸ்டுடியோவில் கதவைச் சாத்திவிட்டுப் பேசிய எதுவும் நல்ல பேச்சாக இருந்ததில்லை.

சீஃப் உட்காரக்கூட இல்லை. ஜன்னலோரம் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்க கார்ல உடம்பு பிரமாதம், முகம் தேறல. மேடம் கார்ல முகம் பிரமாதம், உடம்பு சுமார். அவங்க முகத்தை எடுத்து உங்க உடம்புல வைக்கிறோம். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

"மேடம்கிட்ட சொல்லியாச்சா சார்?"

"சொல்லல. நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா அவங்க டீம் மொத்தமும் கையைக் கட்டிட்டு உட்கார்ந்துடும். எல்லாம் முடிஞ்சப்புறம் நானே பேசிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல வாய் தவறிச் சொல்லிடாதீங்க" என்றார்.

மேடம் என்றது அவன் மனைவியைத்தான்.

அந்தக் கம்பெனியின் நடுத்தர செடான் ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக வாங்கிய வண்டி. இப்போது ஊரெல்லாம் உயரமான வண்டிகளுக்குத் தாவிவிட்டது. புதிய வடிவம் எடுபடாவிட்டால் செடான் வியாபாரத்துக்கே முழுக்குப் போட்டுவிடுவதாக மேலிடத்தில் பேச்சு. அதனால் இரண்டு அணிகள், இரண்டு வடிவங்கள். நிஜக் காரின் அளவிலேயே இரண்டு களிமண் கார்கள். ஒன்று ஜெயிக்கும், மற்றது சுரண்டப்பட்டு மறுபடி அடுப்புக்குப் போய் இளகும். ஒரு அணிக்கு அவன் தலைமை. காரின் கூரைக்கோடு வரைவதில் அவனுக்குப் பைத்தியம் என்பதால் 'கூரை சார்' என்று பெயர். இன்னொரு அணிக்கு அவள். காரின் முகம் செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆகவே 'மூக்கு மேடம்'. நடுவே கூரை முட்ட ஒரு கறுப்புத் திரை. அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

வீட்டிலும் திரை உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. சாப்பாட்டு மேஜையில் கார் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தான். ஆறேழு மாதமாக அதை இருவரும் மீறியதில்லை. அன்றைக்கென்று பார்த்து அவளே மீறினாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மன்னிச்சுக்கோ" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மேஜையில் சிந்திய தண்ணீரை ஆள்காட்டி விரலால் இழுத்து ஒரு கோடு போட்டாள். "ஹெட்லைட்டோட கீழ் மூலை இத்தனை நாளா முறைச்சுட்டே இருந்துச்சு. இன்னைக்குத்தான் அடங்குச்சு. பாருங்க, இப்படி வந்து, இங்க லேசா இறங்கி... கோபமும் இல்ல, அசடு வழியறதும் இல்ல. வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடற முகம்."

தனியாக இருந்தால் அவனை 'நீ' என்பாள். அம்மா எதிரில் 'நீங்க'.

"இப்படி அப்பாகிட்ட காட்டிட்டியே, அவர் காப்பியடிச்சுட்டா?" என்றாள் மகள்.

"உங்கப்பாவா? அவருக்கு முகமே வராதுடி" என்று சிரித்தாள் அவள்.

"யார் தோத்தாலும் நாளைக்குச் சமையல் என் தலையிலதான்" என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்து மூடினான். இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தான். கூடவே வேறொன்றும் தலைகாட்டியது: இந்த முகம் கிடைத்துவிட்டால் தன் கார்தான் ஜெயிக்கும். அந்த நினைப்பு அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அது போகவில்லை.

மறுநாள் செதுக்கும் இயந்திரம் வேலையைத் தொடங்கியது. அவள் கணினியில் வைத்திருந்த அளவுகளை சீஃப் எடுத்துக் கொடுத்துவிட்டார். இயந்திரத்தின் கை முன்னும் பின்னும் போய்வர, பழுப்புக் களிமண் சுருள் சுருளாக உதிர, அவன் காரின் முனையில் அவள் முகம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முந்தின இரவு மேஜையில் ஈரத்தில் பார்த்த அதே மூலை, அதே இறக்கம்.

களிமண் வேலைக்குத் தலைமையான பெண்ணை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவள் சுரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சார், மேடத்துக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றான். எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவனுக்கே திக்கென்றது.

மேஸ்திரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போனாள்.

மதியத்துக்குள் முகம் முழுதாக வந்துவிட்டது. நாலடி தள்ளி நின்று பார்த்தான். எங்கோ இடித்தது. அவன் கார் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கார், பானெட் உயரம். அவள் முகமோ தாழ்ந்த பானெட்டுக்காகப் பிறந்தது. ஒல்லியான விளக்குகளுக்கு மேலே ஒன்றுமில்லாத ஒரு பரப்பு, வழுக்கை விழுந்த நெற்றி மாதிரி மொட்டையாக நின்றது. வாங்க என்று கூப்பிடும் முகம், கடன் கேட்டு வந்தவனைப் பார்த்த முகமாகிவிட்டது.

"மேல வெள்ளித் தாள் ஒட்டி பெயின்ட் அடிச்ச மாதிரி ஆக்கினா சரியாயிடும்" என்றார் சீஃப்.

சரியாகாது என்று அவனுக்குத் தெரியும். இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் திரைக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், எதுவும் தெரியாமல் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மாலையில் வீடு திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது சொல்லிவிட்டான். முன்னுரை எதுவும் வரவில்லை. "உன் முகத்தை என் கார்ல வெச்சிருக்காங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நேத்து காலைல சீஃப் கூப்பிட்டுச் சொன்னார்."

"நேத்து காலைல." முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, நான் மேஜையில தண்ணியில வரைஞ்சு காட்டினப்ப உனக்குத் தெரியும்."

"ம்."

"பெருமையா வேற காட்டினேன். நீ பேசாம உட்கார்ந்து பார்த்துட்டிருந்த."

"சொல்லக் கூடாதுன்னு அவர்..."

"அவர் சொன்னார். சரி. உங்களுக்கு என்ன தோணுச்சு? அதைச் சொல்லுங்க."

'நீங்க' வந்துவிட்டது. அம்மா எதிரில் இல்லாமலே வந்துவிட்டது. அவன் பொய் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. "ஜெயிச்சுடலாம்னு தோணுச்சு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இறங்குங்க" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். பஸ் வரும்."

கதவைச் சாத்தினானோ இல்லையோ, கார் போயே போய்விட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, போகிற வருகிற கார்களின் முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். மாமியார் கதவைத் திறந்தார். மகளையும் மனைவியையும் காணோம். உள்ளே அறைக்கதவு சாத்தியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, தனியா வர்றீங்க?"

"வேலை இருந்துச்சு அத்தை."

மாமியார் அதை நம்பவில்லை. ஆனால் தோண்டித் துருவவும் இல்லை.

காலையில் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். அவன் அடித்துப் பிடித்து ஸ்டுடியோ போய்ச் சேர்ந்தபோது, கறுப்புத் திரை ஒரு பக்கமாக ஒதுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு களிமண் கார்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவன் காரின் பக்கத்தில் அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, பானெட்டின் மேல் புதுக் கோட்டைக் காட்டக் கறுப்பு டேப்பை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி பக்கத்தில் நின்றாள்.

அவனுக்குப் பின்னாலேயே சீஃப் வந்தார். அவர் முகம் சிவந்தது.

"மேடம், திரையை யார் திறக்கச் சொன்னது?"

அவள் எழுந்திருக்கவில்லை. "என் முகம் இங்க இருக்கு சார். அது இருக்கற இடத்துலதான் நானும் இருப்பேன்."

"வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்னு..."

"வெள்ளிக்கிழமை இதை இப்படியே காட்டினா முதலாளியம்மா சிரிப்பாங்க. இது என் மூக்குன்னு ஊருக்கே தெரியும். நெற்றி மொட்டையா நிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

சீஃப் அவனைப் பார்த்தார். நீதானே சொன்னாய் என்கிற பார்வை. பிறகு காரைப் பார்த்தார். அவரும் கண் உள்ளவர்தான். "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள முடியணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விடுவிடுவென்று போய்விட்டார்.

"பானெட் ரெண்டு விரல் இறங்கணும்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "எஞ்சின் ஆளுங்ககிட்ட கேட்டுட்டேன், இடம் இருக்கு. பானெட் இறங்கினா முன்கண்ணாடியும் இறங்கும். அப்ப கூரையோட உச்சி டிரைவர் தலைக்கு மேல நிக்க முடியாது. பின்னால போகணும்."

அவனுக்குச் சுரீரென்றது. "கூரையைத் தொடாதே."

"தொடாம முடியாது."

"அந்தக் கோட்டுக்காக எத்தனை மாசம் செத்திருக்கேன்! உச்சி பின்னால போனா வால் குட்டையாயிடும். அந்த வழுக்கிட்டு இறங்கற அழகே போயிடும்."

"அந்த அழகுல பின் சீட்ல உட்கார்றவன் தலை இடிக்கும். அளந்து பார்த்திருக்கியா நீ?"

"உன் காரோட முதுகை முதல்ல பாரு! மூட்டை தூக்கினவன் மாதிரி இருக்கு!"

சுரண்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. அவளுடைய அணியும் அவனுடைய அணியும் மூச்சுவிடாமல் பார்த்தன. அவள் மெதுவாக எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தெரியும். மூணு மாசமா அது எனக்கும் பிடிக்கல. எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியல. நீ ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தா ஒரு நாள்ல திருத்தியிருப்பேன்."

"வீட்ல கார் பேச்சு கூடாதுன்னு சட்டம் போட்டது நீ."

"ஆமா. நான்தான் போட்டேன். முட்டாள்தனமா போட்டேன்."

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தாள். "சார், களிமண் சூடு ஆறுது. வெட்டறதா, வேண்டாமா?"

அவன் காரை ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் இழுத்த டேப்பைத் தன் கண்ணாலேயே கூரைவரை நீட்டிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினான். தேடத் தேட, அவள் கோடுதான் சரி என்று அவன் கண் சொன்னது. மனசுக்குத்தான் ஆறவில்லை. மேஸ்திரியின் கையிலிருந்து பெரிய சுரண்டியை வாங்கி, தன் கூரையின் உச்சியில் அவனே முதல் இழுப்பு இழுத்தான். தடித்த சுருளாகக் களிமண் காலடியில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நான்கு பக்கமும் உயர்ந்த சுவர் எழுப்பிய முற்றத்தில் இரண்டு கார்களையும் வெள்ளித் தாள் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். முதலாளியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்தார், தள்ளிப் போனார், திரும்பி வந்தார். சீஃப் கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டே கூட நடந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே முகமா இருக்கே?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"ரெண்டு கருத்தையும் சேர்த்து ஒண்ணாக்கியிருக்கோம் மேடம். நம்ம டீம் மொத்தமும்..."

"டீம் கோடு போடாது. யாரோ ஒருத்தர் கைதான் போடும். யார் செஞ்சது?"

சீஃப் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான். "முகம் இவங்க செஞ்சது. பானெட்டை இறக்கினதும் இவங்கதான். கூரை என்னோடது, ஆனா உச்சியைப் பின்னால தள்ளச் சொன்னது இவங்க. நான் முடியாதுன்னு சண்டை போட்டேன்."

சீஃப் அவனைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

இரண்டையும் கலந்து செய்த காரின் பானெட்டில் முதலாளியம்மா கை வைத்தார். "இதுதான். ஆனா ரெண்டு பேர் ஒரு வண்டியை ஓட்ட முடியாது. இனிமே இது இந்த அம்மா பொறுப்பு." பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீங்க சரக்கு வேனைப் பாருங்க. அங்கயும் ஆள் வேணும்" என்றார்.

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். இதுதான் நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவனே வாயால் கேட்டு வாங்கிக்கொண்டதுதான். இருந்தும் யாரோ நெஞ்சில் ஓங்கிக் குத்தியதுபோல் இருந்தது. சரக்கு வேன்!

அவன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"நீ அப்படிச் சொல்வேன்னு நான் எதிர்பார்க்கல."

"நானும்தான்."

"பின்பக்கம் இன்னும் அரைகுறையா நிக்குது. கூட இருப்பியா? சீஃப்கிட்ட நான் கேக்கறேன்."

"வேண்டாம்" என்றான். "கோபம் இல்ல. வயித்தெரிச்சல்தான். கொஞ்ச நாள் போகட்டும்."

அவள் தலையாட்டினாள். வயிற்றெரிச்சல் என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ, அவன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, வேன் பிரிவு வரைக்கும் கூடவே நடந்தாள்.

வேனில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தவனுக்கு, கதவின் கைப்பிடி ஒன்றே போதும் போதும் என்று ஆக்கிவிட்டது. மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் செடான் இருந்த பக்கம் ஒரு எட்டுப் போனான். யாரும் கூப்பிடவில்லை. அவள் காரின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"டிக்கிக்கு மேல இருக்கற மடிப்பு கனமா இருக்கு" என்றான்.

"எங்க?"

"இங்க. இல்ல, அது இல்ல, அதுக்கும் கீழ."

"அதை எடுத்தா விளக்கு தொங்கும்."

"தொங்காது. யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா? சுரண்டியைக் குடு, காட்டறேன்."

"களிமண்ல கை வெச்சே, கொன்னுடுவேன். முதல்ல டேப்ல காட்டு."

மேஸ்திரி பெருமூச்சு விட்டு, அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் களிமண் எடுத்துவர ஆளை அனுப்பினாள்.