சாலமன் பார்த்தாரா

பட்டது, நிச்சயமாகப் பட்டது... துணி எதிலாவது உரசும்போது தோளில் மெல்லிய இழுப்பு ஒன்று தெரியுமே, அது தெரிந்தது. வலது காலை விரல்நுனியில் ஊன்றி, வயிறு பூல் மேசை விளிம்பில் அழுந்த, இடது கையை வெள்ளைப் பந்துக்குப் பின்னால் வளைத்து வைத்த அதே நொடியில் ஷாலின் நுனி தோளிலிருந்து வழிந்து, ஓரத்தில் கிடந்த மஞ்சள் பந்தைத் தொட்டது. தொட்டு ஒரு உப்புக்கல் அளவுக்கு அதை நகர்த்தியும் விட்டதோ? நகராமலும் இருக்கலாம். நகரவில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் தொட்டது. தொட்டாலே ஃபவுல். யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்னால் டீம் கேப்டன் பிரபாகரன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது, ஜன்னலை மூடிய ஷட்டரில் கடல்காற்று மோதுவது கேட்கிறது, கீழே பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பாண்டிச்சேரி என்று கண்டக்டர் கத்துவது கேட்கிறது, நான்கு மணிதான் ஆகியிருக்கும்... சூர்யகலா குனிந்தபடியே இருந்தாள். இன்னும் அடிக்கவில்லை. அடிக்காத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாமா?

மேசையில் மூன்றே பந்துகள். வெள்ளை, கருப்பு, மஞ்சள். அவளுடைய பட்டைப் பந்துகள் ஏழும் குழிக்குள் போய்விட்டன, கருப்பைப் போட்டுவிட்டால் ஆட்டம் அவளுடையது. மஞ்சள் எதிராளி சாலமனுடையது, அவர் அதைப் போட்டுவிட்டுத்தான் கருப்புக்கு வர முடியும். ஐந்து ஆட்டத்தில் ரெண்டுக்கு ரெண்டு என்று நிற்கும்போது கடைசி ஆட்டத்துக்கு பிரபாகரன் அவள் பெயரைச் சொன்னார், சொன்னதுமே அதே டீமில் ஆடுகிற தட்சணாமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதில் ஜெயித்தால் மரக்காணம் டீம் லீக்கின் அடுத்த சுற்றுக்குப் போகும், தோற்றால் அவள் டீமில் இருக்க மாட்டாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, ஆனால் படிக்கட்டில் ஏறி வரும்போது தட்சணாமூர்த்தி குரல் மேலேயிருந்து கேட்டது, இன்னிக்கு மட்டும்தாண்ணா, இதோட இந்த சோதனைய நிறுத்திக்கலாம் என்று. சோதனை... மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஹார்டுவேர் கடை மாடிக்கு ஏறி வருகிறவள் அவனுக்கு சோதனை. ஊக்கு மட்டும் இருந்திருந்தால்... வீட்டிலிருந்து கிளம்பும்போது ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டுதான் வந்தாள். உப்பளத்து வளைவில் செருப்பு வார் அறுந்துபோனது, ஊக்கைக் கழற்றிச் செருப்பில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இப்போது செருப்பு படிக்கட்டடியில் ஊக்கோடு கிடக்கிறது, ஷால் இங்கே பந்தைத் தொடுகிறது. கழற்றி வைத்துவிட்டு ஆடியிருக்கலாம். ஆடியிருக்கலாமா? டீம் டி-ஷர்ட்டோடு மேசை மேல் குனிந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் கண் எங்கே போகும் என்பது குனிகிறவளுக்குத்தானே தெரியும்...

அம்மா ஞாபகம் ஏன் வருகிறது இப்போது? அம்மா ராசம்மாள் உப்பளத்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள், அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான், வெயிலுக்கும் உப்புக்கும் அது வேண்டும், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதே அம்மா இந்த டி-ஷர்ட்டைக் கொடியில் பார்த்துவிட்டு, இன்னாடி இது, முதுவுல பேரு கீது, என்று மட்டும் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். புருஷன் தேவா அதுவும் கேட்பதில்லை. போய்ட்டு வரேன் என்றால் உம் என்பான், போனில் இருந்து கண்ணை எடுக்காமல். உப்பு லாரி ஓட்டுகிறவன், ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான், அன்றைக்குத்தான் அவள் வெளியே போகிறாள்... அக்கம்பக்கத்தில் கேட்டால் ரிசார்ட்டுல ஓவர்டைமு என்று சொல்லிவிடுகிறானாம். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அவளிடமே வந்து, பாவம்டி நீ, ஞாயித்துக்கிழமகூட உடமாட்றானுங்களா, என்று பரிதாபப்பட்டபோதுதான் அது தெரிந்தது. அவளைக் காப்பாற்றச் சொன்னானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னானா? கேட்கவில்லை. கேட்டால் அந்த உம் என்ற ஒன்றும் நின்றுவிடுமோ என்று பயம். எல்லாரும் அவளுக்கு ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எதை என்றுதான் தெரியவில்லை.

இந்த சீசனில் ஐந்து ஆட்டம் ஜெயித்திருக்கிறாள். ஐந்தா? முதலாவது கிளியனூர்க்காரன் கார்த்திகேசன். தோற்றதும் சிரித்துக்கொண்டே, தங்கச்சி மொகத்தப் பாத்தேன், போவட்டும்னு உட்டுட்டேன், என்று அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். ரெண்டாவது ஆள் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். மூன்றாவது ஆள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கீழே டீக்கடையில் அவனுடைய ஆட்கள், ஏம்பா, பொம்பளகிட்டயா தோத்த, என்று கேட்டபோது அவன், தோத்தனா, தோத்துக் குடுத்தன்பா, என்று சொன்னது டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் காதில் விழுந்தது. பொய் சொல்கிறார்கள், வேறென்ன சொல்வார்கள், என்று பிரபாகரன் சொன்னார். பொய்தான். எல்லாமே பொய்யா? ஐந்தில் ஒன்றாவது நிஜமாக விட்டுக்கொடுத்ததாக இருந்தால்? எந்த ஒன்று? ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள், அந்தப் பச்சைப் பந்தை அவன் ஏன் அவ்வளவு மெதுவாக அடித்தான், மேசைத் துணி ஈரம் வாங்கியிருந்ததாலா, இல்லை... எவனுக்கும் தோல்வி என்று ஒன்று இல்லை, அதனால் அவளுக்கு ஜெயிப்பு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. சாலமன் மட்டும் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அனுமந்தையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், நாற்பத்தைந்து வயது, நகக்கண்ணெல்லாம் கிரீஸ், லீக்கிலேயே நல்ல ஆட்டக்காரர், ஜெயித்தாலும் பேசமாட்டார் தோற்றாலும் பேசமாட்டார். இவரைத்தான் ஜெயிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். இவரை ஜெயித்தால் அது ஜெயிப்பு.

அவர் பார்த்தாரா? அதுதான் விஷயம். நேர் எதிரே ஸ்டூலில், க்யூ கட்டையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மஞ்சள் அவர் பக்கத்து விளிம்பில்தான் கிடக்கிறது, அவருடைய பந்து, ஒருவன் தன் கடைசிப் பந்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? இந்த லீக்கில் நடுவர் கிடையாது. ஃபவுலை ஆடுகிறவரே சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதிராளி கேட்கலாம். அவர் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்றால் சரி. பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தால்? அப்போது இந்தக் கருப்பு குழிக்குள் போனால்கூட அதைப் போட்டது அவள் இல்லை, அவர். வாழ்நாள் முழுக்க வெளியே சொல்லாமலே இருந்துவிடுவார், அது கார்த்திகேசன் சொன்னதைவிட மோசம்... அவள் நிமிர்ந்தாள். இடுப்பு வலித்தது. யாருக்கும் தெரியாது, அடித்துவிடு, என்று உள்ளே ஒன்று சொன்னது, தட்சணாமூர்த்தியின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எவ்வளவு ஆசை...

“ஃபவுல்ங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “ஃபவுல். ஷாலு பட்டுடுச்சு, மஞ்சள்ல.”

“ஏய், இன்னா சொல்ற நீ?” என்று பிரபாகரன் முன்னால் வந்தார். தட்சணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டான். “அப்பவே சொன்னேன், அத்த கழட்டி வெச்சிட்டு ஆடுன்னு. கேக்குதா? துணிக்கடைக்கி வந்த மாரி வந்தா இப்டித்தான்.”

சாலமன் எழுந்திருக்கவில்லை. “நான் பாக்கலம்மா. நீ ஆடு.”

“நான் பாத்தேண்ணா.”

“அட உடும்மா, காத்துக்கு அசஞ்சிருக்கும்.”

“காத்து ஏதுண்ணா, ஷட்டரு மூடிக்கீது.”

யாரோ சிரித்தார்கள். சாலமன் மட்டும் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பார்க்கவில்லை என்று எவ்வளவு சீக்கிரம் சொன்னார், யோசிக்கவே இல்லையே, நிஜமாகப் பார்க்காதவன் எது, எங்கே என்றல்லவா கேட்பான்... பிறகு எழுந்து வந்து வெள்ளையைக் கையில் எடுத்தார். ஃபவுல் என்றால் வெள்ளையை எதிராளி தனக்குப் பிடித்த இடத்தில் வைத்து ஆடலாம். மஞ்சளுக்கு நேரே வைத்தார், பார்க்காமலேயே அடித்த மாதிரி அடித்தார், மஞ்சள் போய்விட்டது. வெள்ளை உருண்டு போய்க் கருப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இனிமேல் என்ன, முடிந்தது. சூர்யகலா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஷாலை உருவி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், இப்போது அது எங்கே இருந்தால் என்ன. விசித்திரமாக மனசு லேசாகத்தான் இருந்தது. தோற்பது தன்னுடையதாக இருக்கும், அதையாவது யாரும் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. சாலமன் மூலைக்குழியைக் கட்டையால் காட்டினார், குனிந்தார், நேர்கோடு, அவர் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து, அடித்தார்.

கருப்பு குழியின் ஒரு உதட்டில் மோதி, மறு உதட்டில் மோதி, வாயிலேயே நின்றுவிட்டது.

ஊதினால் விழுந்துவிடும். பிரபாகரன் அய்யோ என்று சத்தம் போட்டது சந்தோஷத்தில்தான், அவள் காதில் அது சரியாக விழவில்லை. இல்லை, இது இல்லை, இது எப்படித் தவறும்? வேண்டுமென்றே தவறவிடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா... பொம்மையார்பாளையம் ரிசார்ட்டில் பூல் மேசையைத் துடைக்கிற வேலையில் தொடங்கி, துடைத்துக்கொண்டே ரெண்டு அடி அடித்துப் பழகி, கூட ஆட ஆள் இல்லாதபோது கெஸ்ட்டுகள் அவளைக் கூப்பிட ஆரம்பித்து, ஒருநாள் ஒருத்தரை ஜெயித்துவிட்டபோது மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, கெஸ்ட்டு சந்தோஷமா போகணும்மா, புரியுதா, என்றார். புரிந்தது. கருப்பைக் குழி வாயில் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். உள்ளே போடுவதைவிட வாயில் நிறுத்துவது கஷ்டம், கடைசி நொடியில் மணிக்கட்டை ஒரு நூல் திருப்ப வேண்டும், திருப்பியது தெரியக்கூடாது, அப்புறம் அய்யய்யோ என்று உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். சாலமன் மணிக்கட்டைத் திருப்பினாரா? அவள் பார்க்கவில்லை. அந்த நொடியில் அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் போல. எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாள், ஒன்றிலாவது எதிராளி அடிக்கும்போது பந்தைப் பார்த்திருக்கிறாளா?

“அடி சூர்யா, முடிச்சி உடு,” என்றார் பிரபாகரன். தட்சணாமூர்த்திகூட ஒரு அடி முன்னால் வந்துவிட்டான்.

அவள் மேசைக்குப் போகவில்லை. சாலமனுக்கு எதிரே போய் நின்றாள். கேட்காதே, கேட்காதே, இத்தனை பேருக்கு நடுவில்... “அண்ணா, வேணும்னே உட்டீங்களா?”

சாலமன் தலையைத் தூக்கினார். “இன்னாம்மா கேட்ட?”

“எனக்காக உட்டீங்களான்னு கேட்டேன்.”

“ஏம்மா,” என்றார் அவர், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, “நான் தோக்கறதுக்குகூட உன்கிட்ட பர்மிசன் வாங்கணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய ஆட்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள், ஒருத்தன் மேசையைத் தட்டினான். அவர் சிரிக்கவில்லை. அவர் காது நுனி சிவந்திருந்தது. கோபமா? பிடிபட்டுவிட்ட வெட்கமா? இல்லை, நிஜமாகவே தவறிப்போய், தவறியதை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனிடம் போய், நீ தவறவே இல்லை என்று சொல்லிவிட்டாளா? கார்த்திகேசன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவள் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டாளா? மன்னிச்சிக்கங்கண்ணா என்று சொல்லலாம், எதற்கு என்று கேட்டால்... அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் முறை முடிந்துபோன பிறகும் சாக்கட்டியை எடுத்துக் க்யூ நுனியில் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலத்தூள் பேன்ட்டில் உதிர்ந்தது. தேய்க்கிற கை ஒரே சீராக இல்லை, நுனியை விட்டு விலகி விலகிப் போனது. எஞ்சினுக்குள் விரலை விட்டு நூலளவு இடுக்கைத் தடவியே கண்டுபிடிக்கிற கை.

நடுங்குகிறதா?

சூர்யகலா மேசைக்குத் திரும்பி நடந்தாள். நடுங்கினால்... எப்போதிலிருந்து? இப்போது கேட்ட கேள்வியாலா, இல்லை கருப்பை அடிக்கக் குனிந்தபோதே நடுங்கியதா, அதனால்தான் உதட்டில் மோதியதா? அப்படியென்றால் இவர் தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். பாவம் பார்ப்பார்கள், கேலி பண்ணுவார்கள், உடம்பைப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுப்பார்கள், இதையெல்லாம் நினைத்திருக்கிறாள். எதிரில் நிற்கிற ஒருவன் தன்னைப் பார்த்துப் பயப்படக்கூடும் என்பது மட்டும் இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. அது நிஜமா என்று யாரிடம் கேட்பது, அதைக் கேட்கவும் முடியாதே... அவள் குனிந்தாள். கருப்பு குழி வாயில் அசையாமல் நின்றது. வெள்ளைக்குப் பின்னால் ஊன்றிய அவளுடைய இடது கை இதுவரை இல்லாத அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது.