எழுபத்திரண்டு மார்க்

தம்பியின் வீங்கிய பாதத்தைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் செல்போன் அதிர்ந்தது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் அவனோடு வேலை பார்க்கும் சிநேகிதன் செய்தி அனுப்பியிருந்தான். 'முப்பத்தொண்ணு. இப்ப அவன்கிட்ட சொல்லாதீங்க.'

பாஸ் மார்க் நாற்பது.

பி.எஸ்சி. இயற்பியலில் மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியவன், கணிதத்தில் ஒரே ஒரு தாளோடு இருபத்திரண்டு வருஷமாக முட்டிக்கொண்டிருந்தான். வகைக்கெழுச் சமன்பாடு. புதிதாக வரும் லெக்சரர்களுக்கே கருவிகளைச் சரிபண்ணிக் கொடுப்பவன், மாணவர்களுக்கு வெறும் 'அரியர் அண்ணன்'. அவனும் சிரித்துக்கொண்டு, "சொல்லுங்க தம்பி" என்பானாம். பழைய பாடத்திட்டத்துக்கு இனித் தேர்வு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்போடு மூன்று மாதம் முன்பு போய்க் கடைசித் தடவையாக எழுதிவிட்டு வந்தான். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ரிசல்ட்டாக்கா?"

"பாஸுடா."

"எவ்வளவு?"

அவள் எட்டாவதோடு நின்றவள், தையல்காரி. எதையும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டித்தான் பழக்கம்.

"எழுபத்திரண்டு" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர், எழுந்து வந்து விருந்து வைக்காமல் தப்ப முடியாது என்று தம்பியைக் கேலி செய்தார். தம்பி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். போர்வைமேல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"நான் எழுதினதே அஞ்சு கேள்விதான்க்கா. மொத்தமே அம்பது மார்க். அதுக்கு மேல கை வரல."

வாயில் வந்ததைச் சொன்னாள். சில கேள்விகள் தப்பாக வந்துவிட்டனவாம், எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்களாம்.

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு நர்ஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. கோபம் என்று சொல்லவும் முடியாது. அவள் கொடுத்த தண்ணீரை இரண்டு வாய் குடித்தான்.

"டேய், ஏதாவது பேசேன்டா" என்று கேட்டுப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை வீடு கொள்ளாத கூட்டம். மார்க் விஷயம் ஆஸ்பத்திரியிலிருந்தே கிளம்பி இவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. எழுபத்திரண்டு வாங்கிவிட்டுப் போய்விட்டானே, அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலருகே நின்ற சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டான்.

சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "நல்ல சட்டையா ஒண்ணு எடும்மா" என்றார்.

அலமாரியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை உருவினாள். அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தாள். மூன்று மாதம் முந்தைய கேள்வித்தாள். எழுதிய ஐந்து கேள்விக்கும் எதிரே, தனக்கு என்ன கிடைக்கும் என்று பென்சிலால் போட்டு வைத்திருந்தான். ஒன்பது. எட்டு. பத்து. எட்டு. கடைசிக் கேள்விக்கு முதலில் நாலு போட்டிருந்தான். அதை அழித்து ஆறாக்கியிருந்தான். அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது.

கீழே கோடு கிழித்துக் கூட்டியிருந்தான். நாற்பத்தொன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

கூடத்திலிருந்து மறுபடியும் சட்டை கேட்டார்கள்.

"வரேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை.