ஐயனாருக்குப் போன பாடக் குதிரை

சிவப்பிரகாசம் வாத்தியார் கேட்டது பசு. வந்தது குதிரை. அதுவும் உயிருள்ள குதிரை இல்லை. காகிதக் கூழில் செய்து வர்ணம் பூசி, பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த பாடக் குதிரை. வயிற்றுக் கதவைத் திறந்தால் குடல், ஈரல் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். பாகூர்ப் பக்கம் எவன் ஐயா குதிரை வளர்க்கிறான்? மூன்று மனு எழுதியவருக்கு வயிறு எரிந்தது.

பன்னிரண்டு பையன்களுக்குக் கால்நடை வைத்தியம் கற்றுக்கொடுக்க வந்தவர் அவர். ஊரில் மாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருத்தராவது தொடவிட வேண்டுமே! "பசங்க வெளயாட எம் மாடுதான் கெடச்சுதா?" என்று விரட்டினார்கள். திங்கட்கிழமை மேற்பார்வைத் துரை வருகிறார். பையன்கள் விலங்கைக் கையாண்டு காட்டாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். சரி, குதிரையாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதை வைத்தே பாடம் நடத்தினார்.

வியாழக்கிழமை சுப்பராயலுவின் பசு, மழையில் நனைந்த பயற்றங்கொடியை மேய்ந்து வயிறு உப்பிச் சாய்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த பெரிய மனிதர் அவர். ஐயனார் கோயிலுக்கு ஓடி, மாடு பிழைத்தால் குதிரை வைப்பதாக வேண்டிக்கொண்டார். அதற்குள் வாத்தியார் பையன்களோடு வேலி தாண்டிப் போய்விட்டார். பையன்களில் ஒருவனான குழந்தைவேல் பசுவின் வாயில் குறுக்குக் கட்டை கொடுத்துக் கட்டினான்; கடைவாய்ப்பல் பட்டு அவன் கை கிழிந்தது. இருந்தும் விடாமல் மூங்கில் குழாயில் எண்ணெயும் பெருங்காயமும் புகட்டினான். மற்றவர்கள் இடது விலாவைத் தேய்த்தார்கள். பசு பெரிய ஏப்பமாக விட்டு எழுந்து நின்றது.

"கண்ணத் தொறந்துட்டாருய்யா ஐயனாரு!" என்று திரும்பி வந்த சுப்பராயலு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை வகுப்பைத் திறந்தால் குதிரையைக் காணோம்! கோயிலில், ஓலைப் பந்தலுக்குக் கீழே, மாலையும் குங்குமமுமாக நின்றது.

"மழ வுட்டாத்தான் மண்குதிரயச் சூளயில வைக்க முடியும்னுட்டாரு கொயவரு. வேண்டுதல தள்ளிப் போடலாமா? பள்ளிக்கூடச் சாவி எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதே," என்றார் சுப்பராயலு.

"ஐயோ, அது சர்க்கார் சொத்துங்க! நாளன்னைக்குப் பரீட்ச!"

"சாமிக்கு வுட்டதத் திருப்பிக் கேப்பாங்களா வாத்தியாரே?"

"அப்ப அந்தப் பசுவயாவது ஒரு மணி நேரம் குடுங்க. அதப் பொழைக்க வச்சதே இந்தப் பசங்கதான!"

"இன்னா பேச்சு இது! ஐயனாரு காப்பாத்துன மாடு. அதப் போயி பசங்க தொடலாமா?"

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

திங்கட்கிழமை பரீட்சை கோயில் வாசலில் நடந்தது. வேறெங்கே நடத்துவது? சாமி குதிரையைத் தொடக்கூடாதென்று பையன்கள் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்று, குடலையும் ஈரலையும் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தார்கள்.

"கிட்டே போய்த் தொட்டுக் காட்டு," என்றார் துரை.

குழந்தைவேல் ஓர் எட்டு வைத்தான். சுப்பராயலு தொண்டையைக் கனைத்தார். பையன் நின்றுவிட்டான். அவன் அப்பாவுக்கு அவர் நிலத்தில்தான் கூலி வேலை.

துரை ஏதோ எழுதி வாத்தியாரிடம் நீட்டிவிட்டு வண்டியேறினார்.

"எல்லாம் சரியாத்தான சொன்னோம். இன்னா எழுதியிருக்காரு ஐயா?" என்று குழந்தைவேல் ஆசையாகக் கேட்டான்.

'பையன்களுக்கு விலங்கைத் தொடவே பயம். வகுப்பு மூடப்படும்.'

வாத்தியார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். "மொதல்ல கைய நீட்டுடா, காயத்தப் பாக்கலாம்," என்றார்.