கையைக் காட்டுங்க

செத்துப்போன கதாநாயகன் திரும்பி வருகிறான் என்ற சேதி, படப்பிடிப்புத் தளத்துக்குக் காலை டீயோடு சேர்ந்தே வந்தது.

போன வருடம் மலைப்பாதையிலிருந்து காரோடு உருண்டு செத்தவன் அவன். அதாவது, தொலைக்காட்சித் தொடரில். நிஜத்தில் சினிமாவில் நடிக்கப் போயிருந்தான். சினிமா கைவிட்டதும், தொடரில் அவன் உயிரோடு எழுந்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. அந்தத் தொடரில் இது புதிதும் அல்ல. மாமனார் ஒருமுறை ஞாபகமறதியோடு திரும்பி வந்தார். கொழுந்தன் வேறு முகத்தோடு வந்தான். பழைய நடிகர் தேதி தரவில்லை.

கதாநாயகனுக்கு மனைவியாக நடிப்பவளுக்குத் தளத்தில் அழுகையக்கா என்று பெயர். கண்ணில் மருந்து விடாமலே அழுவாள். கேமரா ஓடும்போது அவளை 'அன்பே' என்று கூப்பிடும் கதாநாயகன்கூட, நின்ற மறுநொடி 'அக்கா' என்பான். கடத்தல், கோர்ட்டு, மாமியார் கொடுமை எல்லாவற்றுக்கும் அழுது, அந்தக் கண்ணீரில்தான் வீட்டில் அடுப்பெரிய வைத்திருந்தாள்.

அவளுடைய சொந்த வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். கதாநாயகன் காரோடு உருண்ட அதே மாதம், பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடிக்கும் முன்பே யாரோ ஒரு ரசிகை அவள் தோளைத் தொட்டு, இது நிஜமா, கதையில் வருவதா என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்டவளின் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

டீ ஆறுவதற்குள் காட்சித்தாள் கைக்கு வந்தது. இரவு. தோட்டம். ஒரே புகை. பின்னால் நீல வெளிச்சம். வெள்ளைப் பட்டு உடுத்திக் கணவன் நிற்கிறான். மனைவி பார்க்கிறாள். ஆவி என்று அலறி மயங்கி விழுகிறாள். தொடரும்.

அவள் தாளை மடித்து இயக்குநரிடமே நீட்டினாள்.

"இதை என்னால பண்ண முடியாது சார்."

இயக்குநர் அவளைப் பல வருடமாகப் பார்ப்பவர். கிணற்றில் குதி என்றால் எந்தப் பக்கம் கேமரா என்று மட்டும் கேட்கிறவள், மயங்கி விழுவதற்கு மாட்டேன் என்கிறாளே என்று அவருக்கு வியப்பு. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு நம்புறவ நான். அந்த நாளைத்தான் எதிர்பார்த்துட்டிருக்கேன். அவர் வந்து நின்னா நான் ஏன் சார் அலறணும்?"

"ஏம்மா, இது சர்ச்சு இல்ல, சீரியல்."

"அழச் சொல்லுங்க, நாள் முழுக்க அழறேன். இதுக்கு மட்டும் பயப்படச் சொல்லாதீங்க."

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. செட்டில் இருந்த மாடிப்படியை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்பேச்சுக் கேட்காத நடிகர்கள் அந்தப் படியில்தான் உருண்டு விழுவார்கள். மறுவாரம் சுவரில் போட்டோவாகிவிடுவார்கள். மறுநாள் சேனல் மேலாளரம்மா நேரில் பார்க்க வருவதாகவும், அதற்குள் நல்ல முடிவாக எடுக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நாத்தனார் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். கணவரின் ஒரே தங்கை, தையல் வேலை செய்பவள், இருவருமாகத்தான் குடித்தனம். நடிப்புதானே, விழுந்து எழுந்து வந்தால் ஆயிற்று, சாமி ஒன்றும் கணக்கு வைக்காது என்பது அவள் கட்சி. தன் பங்குக்கு ஆறுதலும் சொன்னாள். அண்ணன் இப்போது ஒரு நட்சத்திரமாகி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். எந்தப் பாட்டில் கேட்டாளோ.

"உங்கண்ணன் வீட்டு பல்பை மாத்தவே வாரக்கணக்குல இழுத்தடிப்பாரு. அவரு ராத்திரி பூரா எரியப் போறாரா?" என்றாள் அழுகையக்கா.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சரி, நட்சத்திரம் வேண்டாம், இறக்கை முளைத்த தேவதூதன் என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள். அந்த உடம்புக்கு இறக்கை தாங்காது என்று அதையும் தள்ளிவிட்டாள் அண்ணி.

வாய் இப்படிப் பேசினாலும், உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. வீட்டுக்காரரின் வலது முழங்கைக்குக் கீழே வெல்டிங் தெறித்த பழைய தழும்பு, வெற்றிலை அகலத்துக்கு. கல்யாணமான புதிதில் பட்டது. அவள்தான் மருந்து போட்டாள். அவர் எழுந்து வருவார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் புது உடம்பு என்கிறார்களே, பளபளவென்று, பழசு எதுவும் இல்லாமல், யாரோ மாதிரி வந்து நின்றால்? அடையாளம் தெரியாத ஒருவரையா அவள் இத்தனை நாளாக எதிர்பார்த்திருக்கிறாள்?

இதைப் போதகரிடம் ஒருமுறை கேட்டிருந்தாள். அவர் யோசிக்கக்கூட இல்லை. "எழுந்து வந்த ஆண்டவர் முதல்ல எதைம்மா காட்டினாரு? ஆணி அடிச்ச கையைத்தானே? ஆவின்னு நினைச்சுப் பயந்தவங்ககிட்ட, சாப்பிட என்ன இருக்குன்னுதானே கேட்டாரு? உடம்பு புதுசு, ஆள் அதே ஆளுதான்" என்றார்.

அதை நாத்தனாரிடம் சொன்னாள். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, அப்படியானால் நாளைக்கு என்னதான் செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள்.

"போறேன். நிக்கறேன். அவரே வந்தா என்ன பண்ணுவேனோ அதைப் பண்றேன். அப்புறம் படியில உருட்டினா உருட்டட்டும்."

மறுநாள் தளத்தில் புகைபோடும் இயந்திரம் காலையிலேயே இருமத் தொடங்கிவிட்டது. அதைவிட அதிகமாக விளக்குக்காரர்கள் இருமினார்கள். சேனல் மேலாளரம்மா மூக்கில் கைக்குட்டையோடு மானிட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அழுகையக்கா வழக்கம்போல் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு வந்து நின்றாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று இயக்குநருக்கு நிம்மதி.

கேமரா ஓடியது. புகைக்குள்ளிருந்து வெள்ளைப்பட்டு மினுங்க வந்தான் கதாநாயகன். அலற வேண்டிய இடம் வந்தது. அவள் அலறவில்லை. விழவேண்டிய இடத்தில் விழவுமில்லை. புகையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் நடந்தாள்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

அவன் விழித்தான். வசனத்தில் இது இல்லை. அவள் காத்திருக்கவில்லை, அவன் வலது கையைப் பிடித்துச் சட்டையை முழங்கைக்கு மேலே தள்ளினாள். தொடரின் ஆரம்ப நாட்களில், எரிகிற அடுப்படியிலிருந்து மனைவியைத் தூக்கி வந்தபோது கணவனுக்கு அங்கே தீப்புண் பட்டது. அந்தத் தழும்பை வருடக்கணக்காக மேக்கப்பில் வரைந்து வந்தார்கள். எத்தனை காட்சியில் அதைத் தடவிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

இன்று அந்த இடம் வழவழவென்று இருந்தது. க்ரீம் வாசனை வந்தது.

அவள் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். இப்படித்தான் இருக்குமோ என்று எத்தனையோ இரவு புரண்டு படுத்தாளே, அதே கை. அடுத்த கணம் கலக்கம் போய்விட்டது. இது அவர் கை இல்லை. அவ்வளவுதான் விஷயம். அவர் கை இப்படி இருக்காது.

கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்தாள்.

"நீ என் புருஷன் இல்ல. யாரு நீ?"

கதாநாயகன் பாவம், வசனம் எல்லாம் மறந்து, "நான்தான்க்கா" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. முதலில் மேக்கப்காரரைப் பிடித்தார். தழும்பு வரைய வந்தபோது கதாநாயகன்தான் வேண்டாம் என்றானாம்; முகப்பூச்சு விளம்பரத்தில் நடிக்கிறவன் உடம்பில் தழும்பு இருந்தால் கம்பெனிக்குப் பிடிக்காதாம். அடுத்ததாக இயக்குநர் அழுகையக்காவிடம் திரும்பி மாடிப்படிப் பக்கம் கைநீட்டினார். அதற்குள் மேலாளரம்மா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"இந்த ஷாட்டை வெட்டிடாதீங்க" என்றார். "இவன் போலி. சொத்துக்காக வந்தவன். அசல் ஆளு தழும்போட பின்னாடி வரட்டும்."

இரட்டை வேடம் என்றதும் கதாநாயகனின் வாட்டம் பறந்துவிட்டது. அசல் ஆளுக்குத் தழும்பு கட்டாயம் என்றார்கள். கையில்தானே, முகத்தில் இல்லையே என்று ஒப்புக்கொண்டான். இயக்குநர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அசலானவன் வரும்போது அவள் என்னதான் செய்வாள், அதையாவது இப்போதே சொல்லித் தொலைக்கச் சொன்னார்.

அவள் சொன்னாள். புகை வேண்டாம். நீல வெளிச்சம் வேண்டாம். பட்டப்பகல், அடுப்படி. அவர் வாசலில் நின்று கூப்பிடுவார், கையைக் காட்டுவார். அவள் சாப்பாடு போடுவாள்.

"அழுகை எங்கம்மா வருது?"

"அழுதது போதும் சார். அன்னிக்கு எதுக்கு அழணும்?"

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் தழும்புக் கையோடு அவன் வாசலில் நின்றான். அழுகையக்கா கரண்டியைக் கீழே போடவில்லை, அலறவில்லை. பார்த்தாள், கையைப் பிடித்துத் தழும்பைத் தடவினாள், சிரித்தாள். இத்தனை வருடத்தில் அந்தத் தொடரில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் வந்தாலும் இப்படித்தான் கையைப் பாப்பீங்களா அண்ணி?"

"பாப்பேன். பார்த்துட்டு உடனே உலை வைப்பேன்" என்றாள் அவள், எழுந்து டிவியை அணைத்தபடி. "உங்கண்ணன் என்னிக்குப் பசிக்காம வீட்டுக்கு வந்திருக்காரு?"