பரராசசிங்கத்தாரின் பூவேலி

காலையில் தேத்தண்ணீரைக் கையில் வாங்கினால், குடிப்பதற்கு முன் பரராசசிங்கம் தன் வேலியைத்தான் பார்ப்பார். புளியங்கூடலில் மற்றவர்கள் கிளுவையும் பனையோலையும் வைத்து அடைக்க, அவர் பூவாலேயே அடைத்திருந்தார். மாத்தளையில் கடை நடத்திய காலத்தில் வாங்கிவந்த கன்று. ஒரே கொத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் ரோசாவும். "நாயுண்ணி மாதிரிக் கிடக்கு" என்று யாராவது காட்டுப் பத்தையோடு சேர்த்துச் சொன்னால் மனிதருக்கு முகம் கறுத்துவிடும்.

அன்று படலையைத் திறந்துகொண்டு மச்சாள் சீதேவி வந்தாள். பனம்பழக் காலத்தில் விடியமுன் அவர் வளவுக்குப் பின்னால் உள்ள காணிக்குப் போய், விழுந்த பழம் பொறுக்குகிறவள். அதன் விதையைப் பாத்தி போட்டுக் கிழங்கெடுத்து, பிளந்து காயவைத்து ஒடியலாக்கி விற்றுத்தான் அவளுடைய சீவியம் ஓடுகிறது. இன்று ஓலைக் கடகம் வெறுமை, கையெல்லாம் கீறல்.

"என்ன சீதேவி, பழம் விழேல்லையோ?"

"விழுகுது அத்தான். சத்தம் கேக்குது. எடுக்கத்தான் ஏலாது. உங்கடை பூமரம் உள்ளுக்கு விடுகுதில்லை."

"என்ரை மரம் என்ரை வேலியிலை நிக்குது." ரோசத்தோடு எழுந்தார். "வாரும், காட்டும்."

பின் காணிக்காரர் கனடாவில். கேட்க ஆளில்லை என்று, வேலி கத்தரித்த கொப்புகளையெல்லாம் பரராசசிங்கம் அங்கேதான் எறிந்துவந்தார். அவை மாரி ஈரத்தில் வேர்விட்டிருந்தன. அடர்ந்த பனை வடலிகளின் நிழலில் நோஞ்சானாக நின்ற செடி, வெயில் விழுந்த வெளியில் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தது. நடுவே பனம்பழங்கள் மணத்தன. கையை விட்டார், முள் கிழித்தது. "சனியன்" என்றவர், அது யாருடைய செடி என்பது நினைவுக்கு வர வாயை மூடிக்கொண்டார்.

அதோடு நின்றதா? குளக்கட்டிலும் அதே பூ. அந்தச் செடியின் கறுத்த சின்னப் பழத்தைத் தின்ற குருவிகள் அங்கே விதை போட்டிருந்தன. மாடு மேயும் தரவையிலும் ஒன்றிரண்டு, உப்புக் காற்றில் குறுகிப்போய், ஆனாலும் பிடிவாதமாக நின்றன. தன் வேலிக்குக் குருவி வருகிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"பாத்திக்கு விதையில்லாட்டில் ஒடியல் இல்லை அத்தான்," என்றாள் சீதேவி. "எனக்குச் சீவியம் இல்லை. உங்களுக்கு ஒடியல் கூழும் இல்லை."

பின்னேரம், தன் வேலிக்கும் அப்படியொரு பூக்கொப்பு கேட்டு வந்த தயாபரன் ஒழுங்கையிலேயே நின்றுவிட்டான். பரராசசிங்கம் வியர்த்து வடிய அலவாங்கால் வேலியை வேரோடு கிண்டிக்கொண்டிருந்தார். பின் காணிக்குள் சீதேவி நுழையும் அளவுக்கு ஏற்கனவே ஒரு பாதை வெட்டியாயிற்று.

"என்ன அண்ணை, இவ்வளவு வடிவான வேலியை..."

"கொப்பு இல்லைத் தம்பி. மண்வெட்டி தாறன், பிடியும்." மூச்சு வாங்கியபடி சிரித்தார். "வேலிக்கு அங்காலை எறிஞ்சால் என்ரை பொறுப்பு முடிஞ்சுது எண்டு இருந்திட்டன். ஆளில்லாத காணியெண்டு ஊரிலை ஒண்டும் இல்லையடா. அதுக்குள்ளையும் ஆரோ ஒராளின்ரை சோறு கிடக்குது."