மூடாத பிரிதளம்

பிரிதளம் மறுபடியும் மூட மறுத்தபோது, மகள் கணினியில் இருந்த அப்பாவின் முகத்தைத் திருப்பி, தாடைக்குக் கீழிருந்து பார்த்தாள்.

அச்சின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொடும் பரப்பே பிரிதளம். அதில் மயிரிழை அளவு திறந்திருந்தாலும் ஊற்றுகின்ற சிலிக்கோன் அவ்வழியே கசிந்துவிடும். பொம்மைகளுக்கும் புட்டிமூடிகளுக்கும் அதை வரைந்து வரைந்து அவளுடைய கை தேறியிருந்தது. இப்போது அவள் வரைந்துகொண்டிருந்தது அப்பாவின் மூச்சுக்கவசத்துக்கு.

அறுவை சிகிச்சையில் அவருடைய இடப்பக்கத் தாடையெலும்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். இரவில் மூச்சுக்கருவி செலுத்தும் காற்று, முகத்தில் பதியாத கவசத்திற்கும் அந்தக் குழிக்கும் இடையே சீறி வெளியேறியது. உலகத்தில் எல்லாருக்கும் ஒரே முகம் என்று நம்பிய எவரோ செய்த கவசம் அது. விற்றவரிடம் முறையிட்டபோது, "போகப் போகப் பழகிடும்" என்றார். மூச்சு முட்டுவதற்கு ஒரு மனிதன் எவ்வாறு பழகுவான்? அந்த ஆத்திரத்தில்தான், தான் வேலை பார்க்கும் பட்டறையின் முப்பரிமாண ஸ்கேனரை அவள் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அச்சு இன்று இயந்திரத்தில் ஏறிவிட்டால், நாளை இரவாவது அப்பா உறங்குவார்.

காலையில் அவர் முகத்தின் வலப்பக்கத்தை அளந்தாள்.

"மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட்டுடும்மா. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் அப்பா.

அவரைச் சற்று இளைப்பாறவிட்டு, உணவுக்குப் பின் இடப்பக்கத்தை அளந்தாள். அம்மா தலைமாட்டில் அமர்ந்து, அவருடைய தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

"கல்யாண போட்டோவுலகூட ஆடி அசைஞ்ச மனுஷன். இன்னிக்குத்தான் சொன்ன பேச்சு கேக்குறாரு" என்றாள் அம்மா.

மகள் சிரித்தாள். அவளுடைய கண்கள் ஸ்கேனரின் சிறுதிரையில் இருந்தன, கட்டிலில் இல்லை.

இப்போது கைபேசி ஒலித்தது. பட்டறை முதலாளி.

"என்னம்மா, பார்ட்டிங் மூடிச்சா? மெஷினைக் காலியா வச்சிருக்கேன்."

"வலது, இடது ரெண்டு பாதியும் சேரலண்ணே. மூக்குத்தண்டுல கச்சிதமா உக்காருது. கீழ வர வர விலகுது."

"அசைஞ்சிருப்பாரு."

"இல்லண்ணே. இடப்பக்கம் அவ்ளோ சுத்தமா வந்திருக்கு. இரும்புத் துண்ட அளந்த மாதிரி..."



"ஹலோ? இருக்கியாம்மா?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வலப்பக்கத்தைப் பெரிதாக்கினாள். ஸ்கேனர் அடுத்தடுத்து எடுத்த பதிவுகள், நலுங்கிய துணிமடிப்புகள் போல ஒன்றோடொன்று சற்றே பிசகிக் கிடந்தன. கன்னம் ஏறி இறங்கியிருந்தது, உதட்டோரம் துடித்திருந்தது. இடப்பக்கத்திலோ அத்தனை பதிவுகளும் ஒரே தோலாய்ப் படிந்திருந்தன. எங்கும் மூச்சின் ஒரு நடுக்கமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் மத்தியானம் அவள் மகிழ்ந்தாள்.

பக்கத்து அறையில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"மாடிவீட்டுக்காரி இன்னிக்கும் குழாயத் தொறந்துவிட்டுட்டுப் போயிட்டா. நான் கேட்டா சண்டைங்கிறா. நீங்களே ஒரு வார்த்த கேளுங்க."

ஒரு பதிலுக்குத் தேவையான அளவு நேரம் மௌனம்.

"ஆமா. அதுவும் சரிதான்" என்றாள் அம்மா.

மகள் எழுந்து சென்று கதவருகில் நின்றாள். போர்வை அப்பாவின் மார்புவரை ஒரு சுருக்கமும் இன்றி இழுத்துவிடப்பட்டிருந்தது. அவருடைய கை அம்மாவின் மடியில் இருந்தது.

"முடிச்சிட்டியா?" என்றாள் அம்மா, திரும்பிப் பாராமலே.

"அம்மா... எப்போ?"

அம்மா போர்வையின் ஓரத்தை நீவினாள்.

"நீ ரெண்டாந்தடவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. தலையத் தூக்குனப்பவே கனம் தெரிஞ்சுபோச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஸ்கேனரக் கீழ வச்சிருப்ப. மனுஷன அரை மூஞ்சியோட விட்டிருப்ப."

பிறகு அம்மா அவருடைய கையை மெல்லப் படுக்கையில் வைத்துவிட்டு எழுந்து, கணினியின் முன்னால் வந்து நின்றாள். உதட்டிலிருந்து தாடைவரை முகத்தின் நடுவே கறுப்பாக ஒரு கீறல் இறங்கியிருந்தது.

"இத அடைக்க முடியாதா?"

முடியும். ஒரு பாதி பழுதானால், நல்ல பாதியைக் கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பி ஒட்டுவது அத்தொழிலில் எல்லாரும் செய்வதே. வலப்பக்கத்தைத் தேர்ந்து, மகள் விசையை அழுத்தினாள். கீறல் மறைந்தது. பிரிதளம் ஓசையின்றி மூடி, பச்சை நிறமாயிற்று. குழியற்ற தாடையோடு, இருபுறமும் ஒன்றேபோல் இருந்த ஒரு மனிதர் அவர்கள் பக்கம் திரும்பிக் கண்மூடியிருந்தார்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஓரடி பின்வாங்கினாள்.

"யாருடி இது?"

மகள் செய்ததை நீக்கினாள். கீறல் திரும்பி வந்தது. அதனோடு குழிவிழுந்த தாடையும் வந்தது.

"ம்... இருக்கட்டும். இப்படியே இருக்கட்டும்."

சன்னல் வழியாகச் சாய்வெயில் வந்து திரையிலிருந்த அந்த முகத்தின் மேல் விழுந்தது. "அவருக்குக் கண்ணு கூசும்" என்று சொல்லி, அம்மா போய்ச் சன்னல் துணியை இழுத்துவிட்டாள்.