பேஸ்மென்றுக்குச் சொல்லாத அழைப்பு

"ஒரு சொல் ஸ்பானிஷ் தெரியாமல், ஒரு குங்குமச் சிமிழை மட்டும் வைச்சுக்கொண்டு, தென்னமெரிக்காவிலை பாதியை ஒரு பின்னேரத்துக்குள்ளை ஸ்காபுரோவுக்குக் கொண்டந்து இருத்தினவன் நான். இருத்தி, ஆணுறை, குளிசை, இரத்தப் பரிசோதனை எல்லாம் கதைக்க வைச்சு, பிறகு டான்சும் ஆட வைச்சனான். அவையள் ஆடின ஆட்டத்திலை மார்க்கம் வரைக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது."

இராஜரட்ணம் இதைச் சொன்ன இடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு டோனட் கடை. கேட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த தெருக் கிளிபோட். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தக் கதையையும் பாதியாகக் குறைத்த பிறகே காதுக்குள் விடுவார்.

"ஐசே, போன வருசம் உம்மடை தக்காளி பூசணிக்காயளவு எண்டீர். வந்து பாத்தால் நெல்லிக்காயளவிலை கிடந்தது."

"நீர் வரேக்கை அது வெய்யிலுக்குச் சுருங்கிப் போச்சு."

"சரி, அதை நம்புறன். தென்னமெரிக்காவை நம்பேலாது."

இராஜரட்ணத்துக்கு இதுதான் வேண்டும். நம்பாத ஆள் ஒன்று எதிரில் இல்லாவிட்டால் அவருக்குக் கோப்பி இறங்காது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

கதை அவருடைய குசினி அலுமாரியில் தொடங்குகிறது. அதன் கீழ்த்தட்டு முழுக்கக் குளிசை. அவருடைய சீனி வருத்தத்துக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு. மனைவி ஜெயமலரின் முழங்காலுக்கு, நித்திரைக்கு. கனடாவின் மருந்துத் தட்டுப்பாட்டைத் தன் அலுமாரி தனியே நின்று தீர்க்கும் என்பது இராஜரட்ணத்தின் கணிப்பு. அந்தக் கூட்டத்துக்குள் கொஞ்சக் காலமாக இன்னொரு போத்தலும் குடியிருந்தது. அது வில்மருடையது.

வில்மர் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் கொலம்பியாப் பெடியன். தாய் கிரசியேலாவும் அவனோடு இருந்தார். வில்மருக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இது இராஜரட்ணத்துக்குத் தெரியும், ஜெயமலருக்கும் தெரியும். தாய்க்குத் தெரியுமா என்பதுதான் வில்மருக்குத் தெரியாது. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க நாளுக்கு ஒன்று போடும் தடுப்புக் குளிசை அந்தப் போத்தலில் இருந்தது. கீழே வைத்தால் தாய் கண்டுவிடுவார். மகனுக்கு நோய் வந்துவிட்டது என்று அழுதே உயிரை விடுவார் என்று அவனுக்குப் பயம். ஆகவே பின்னேரங்களில், "அன்ரி, தேத்தண்ணி" என்று படியேறி வருவான். தேத்தண்ணியோடு ஒன்றை விழுங்கிவிட்டு இறங்குவான்.

வராத நாட்களும் இருந்தன. வேலை பிந்திய நாள், தாயைக் கடைக்குக் கூட்டிப்போன நாள், மேல்வீட்டார் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போயிருந்த நாள்.

"தம்பி, நேற்றும் போடேல்லை, முந்தநாளும் போடேல்லை." ஜெயமலர் போத்தலைக் குலுக்கிக் காட்டுவார். "அலுமாரியிலை கிடந்து அது ஆருக்கு வேலை செய்யும்? எனக்கோ?"

"மமாவிட்டைச் சொல்லிப்போட்டு கீழை கொண்டுபோறன் அன்ரி," என்பான் வில்மர். சொல்லமாட்டான்.

நகரத்தில் ஒரு சமூக நிலையம் இருந்தது. தன்பாலீர்ப்புக் கொண்ட லத்தீன் ஆண்களுக்கு அங்கே ஒரு குழு. வில்மர் அதில் தொண்டன். எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தனியே போகப் பயப்படுகிறவனோடு தாயோ அக்காவோ கூடப் போனால் அவன் விடாமல் போவான் என்று அந்தக் குழுவுக்கு விளங்கியிருந்தது. அதனால் குடும்பங்களுக்கென்று ஒரு மாலை ஒழுங்கு செய்தார்கள். நோட்டீஸ் ஒட்டினார்கள், ஈமெயில் அனுப்பினார்கள். வந்தது ஒரேயொரு கிழவர். அவரும் கழிவறை தேடி வந்தவர்.

மறுபடி ஒரு ஞாயிறு பின்னேரம், ஸ்காபுரோவில் ஒரு மண்டபத்தில் வைப்பதாக முடிவாகியது. முதலில் பேச வேண்டியவன் வில்மர். தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டு சொன்னான்:

"என்ரை மமாவே அங்கை இருக்கமாட்டா. மற்ற அம்மாமாரை வாங்கோ எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது அங்கிள்?"

"முதல் பிழை நோட்டீஸ்," என்றார் இராஜரட்ணம். "நோட்டீசுக்கு ஆரடா வருவான்? எங்கடை சனத்துக்குக் கலியாணக் கார்ட் தபாலிலை வந்தாலே கோவம் வரும். வீட்டை போய்ச் சொல்ல வேணும். புருசனும் பெண்சாதியுமாய்ப் போய்ச் சொல்ல வேணும். பொறு, நாங்கள் போறம்."

இராஜரட்ணம் பார்சல் கம்பனியில் வான் ஓட்டி ஓய்வுபெற்றவர். ரொறன்ரோவில் தான் தட்டாத கதவே இல்லை என்பார். தங்கள் விசயம் வீட்டில் ஏற்கெனவே தெரிந்த குழுப் பெடியன்கள் தாங்களாகவே விலாசம் தந்தார்கள். ஜெயமலர் பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, வெள்ளித் தட்டத்தில் சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் எடுத்து வைத்தார். கற்கண்டு இல்லாமல் ஒருவரையும் ஒன்றுக்கும் கூப்பிட முடியாது என்பது அவருடைய திடமான கொள்கை. இராஜரட்ணம் பட்டு வேட்டிக்கு மேல் பனி ஜாக்கெற் போட்டுக்கொண்டார். மொழிபெயர்க்கவென்று வந்த வில்மர், வேட்டியைக் கண்ட வெட்கத்தில் வானை விட்டு இறங்கவே இல்லை. வெள்ளைச் சட்டையோடு பின் சீற்றில் குனிந்துகொண்டான்.

எனவே மொழிபெயர்ப்பு வேலை தொலைபேசியின் தலையில் விழுந்தது. "எங்கள் பிள்ளைகளின் சுகத்துக்காக ஒரு மாலை, அவசியம் வாருங்கள்" என்று அது ஒவ்வொரு வாசலிலும் தெளிவான ஸ்பானிஷில் சொன்னது. யார் கேட்டார்கள்? தாய்மார் சேலையைப் பார்த்தார்கள். தட்டத்தைப் பார்த்தார்கள். வானுக்குள் வெள்ளைச் சட்டையோடு நெளிந்துகொண்டிருந்த வில்மரைப் பார்த்தார்கள். குங்குமத்துக்கு நெற்றியைக் குனிந்து கொடுத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"எச்.ஐ.வி. எண்டால் எவ்வளவு உருக்கமாய் இருக்கினம் பாரும்," என்று இராஜரட்ணம் பூரித்துப் போனார்.

திரும்பும் வழியில் கிளிபோட்டின் வீட்டுக்கும் சொன்னார்கள். கிளிபோட் கற்கண்டை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, அன்றைக்குத் தனக்கு முழங்கால் நோகும் என்று முன்கூட்டியே அறிவித்தார்.

பேஸ்மென்றுக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டு ஆட்களுக்கு யாராவது அழைப்பு வைப்பார்களா?

"கிரசியேலா எங்கடை வீட்டு மனிசி," என்றார் ஜெயமலர். "அவவுக்குத் தட்டம் நீட்டினால் பிறத்தி ஆளாக்கிற மாதிரி. அண்டைக்கு வெளிக்கிடுங்கோ எண்டால் வெளிக்கிடுவா."

அந்த ஞாயிறு வந்தது. மத்தியானம் கிரசியேலா தேவாலயத்திலிருந்து திரும்பிய கையோடு உள்படியால் ஏறி வந்தார். அவர் மிதித்த மிதியில் அந்தப் படிகள் இன்னும் நிமிரவில்லை என்பார் இராஜரட்ணம். மேலே வில்மர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான்.

"சேர்ச்சிலை எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்தினம்!" ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "வில்மருக்குக் கலியாணமாம். வீட்டுக்காரரின்ரை மகளோடையாம். ஊருக்கெல்லாம் சொன்னனீங்கள், பெத்த தாய்க்குச் சொல்லேல்லை!"

இராஜரட்ணத்துக்கு மகளே கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தார். கிரசியேலா விடவில்லை.

"ஆர் அந்தப் பிள்ளை? ஏன் அந்தப் பாவத்தை ஏமாத்திறியள்? என்ரை மகன் பொம்பிளையைக் கட்டுற ஆளில்லை எண்டு அவனுக்கு மீசை முளைக்க முதலே எனக்குத் தெரியும்!"

வில்மரின் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

"மமா… உங்களுக்குத் தெரியுமோ?"

"நீயாய்ச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். பாத்துப் பாத்துத் தலை நரைச்சுப் போச்சு."

கேத்தில் கூவியது. ஜெயமலர் அதை நிறுத்தினார். வில்மர் எழுந்து போய், அலுமாரியைத் திறந்து, தன் போத்தலை எடுத்து வந்து தாயின் முன்னால் வைத்தான்.

கிரசியேலாவின் முகம் வெளிறியது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "எவ்வளவு காலமாய் உனக்கு வருத்தம்?"

"வருத்தமில்லை மமா. வராமல் இருக்கத்தான் இது. நாளுக்கொண்டு போட வேணும். மூண்டு மாதத்துக்கொருக்கால் இரத்த ரெஸ்ட் செய்யினம்."

அவர் இராஜரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் எதையும் உள்ளபடி சொல்லிப் பழகாத மனிதர், அன்றைக்கு ஒன்றையும் கூட்டவில்லை.

"ஓம். அவன் சொல்லுறது உண்மை. அவனுக்கு ஒண்டுமில்லை."

கிரசியேலா கதிரையில் இருந்தார். மூச்சு வந்ததும், அதோடு இரண்டாவது கோபமும் வந்தது.

"ஒவ்வொரு பின்னேரமும் உனக்குப் பக்கத்திலை இருந்து நான் என்ரை பிரஷர் குளிசையைப் போடுறன். நீ உன்ரையை வீட்டுக்காரன்ரை அலுமாரியிலை கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறியோ?"

போத்தலைத் தூக்கிக் கைப்பையில் போட்டார். படியிறங்கினார். கதவை அறைந்து சாத்தினார்.

"குளிசையும் போச்சு, மமாவும் போயிட்டா," என்றான் வில்மர். "நான் இண்டைக்குப் பேசமாட்டன் அங்கிள்."

"மலர்," என்றார் இராஜரட்ணம், "பிழை எங்கடை. சேலையை உடும்."

இந்த முறை உள்படியால் போகவில்லை. பட்டும் வேட்டியுமாக முன்கதவால் வெளியே வந்து, பனியில் கால் புதைய வீட்டைச் சுற்றிப் போய், பக்கக் கதவில் பெல் அடித்தார்கள். தங்கள் வீட்டுக் கதவைத் தாங்களே தட்டிவிட்டு, யாரோபோல வாசலில் நின்றார்கள். கிரசியேலா திறந்தார். தட்டத்தை நீண்ட நேரம் பார்த்தார். நெற்றியைக் கொடுத்தார், கற்கண்டு எடுத்தார், கதவைச் சாத்தினார். வான் புறப்படும் நேரம் வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. தாய்மார் மினுங்கும் உடுப்பும் குதி உயர்ந்த செருப்புமாக வந்திருந்தார்கள். மூலையில் பரிசுப் பொருட்கள் மலையாகக் குவிந்தன.

"அந்த மலைக்கு மேலை ஒரு தொட்டில்," என்றார் இராஜரட்ணம், டோனட்டைக் கடித்தபடி. "பேரப்பிள்ளைக்காம்."

"தொட்டில் இல்லை ஐசே, அது உடுப்புக்கூடை," என்றார் கிளிபோட்.

இராஜரட்ணம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். ஒரு மிடறு கோப்பி குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

வில்மரை ஜெயமலர் மேடைக்குத் தள்ளிவிட்டார். அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "கலியாணம் இல்லை, மன்னிக்க வேணும்," என்றான். மண்டபமே பெருமூச்சு விட்டது. "ஆனால் சாப்பாடு இருக்கு." ஒருவரும் எழும்பவில்லை, அவ்வளவு உடுத்துக்கொண்டு வந்த பிறகு யார் சும்மா வீட்டுக்குப் போவார்கள்? எதற்காக அவர்களை அழைத்தது என்று சொல்லத் தொடங்கினான். "எங்களுக்குக் குடும்பம் பக்கத்திலை இருந்தால்…" அதோடு நின்றுவிட்டது. கண் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது. நீல உடுப்பில் கிரசியேலா வந்தார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. நடுவழியால் நேரே மேடைக்கு ஏறி, கைப்பையைத் திறந்து மூன்று சாமான் எடுத்தார்: தன் பிரஷர் குளிசை, மகனுடைய போத்தல், தண்ணீர்.

"முதல் குளிசை," என்றார், ஒலிவாங்கிக்கு அருகிலேயே. "பேச்சுப் பிறகு."

தாய் ஒன்று விழுங்கினார், மகன் ஒன்று விழுங்கினான். பிறகு கிரசியேலா முன்வரிசையில், அவனுக்கு நேரெதிரே இருந்தார். வில்மர் பேசினான். அவன் முடிக்கும் முன்பே கேள்விகள் பறந்தன. ஒரு தாய் அடுத்த பரிசோதனைக்குத் தானும் கூட வரலாமா என்றார். இன்னொருவர் இந்தக் குளிசையைப் பெண்களும் போடலாமா என்று கேட்டார். தன் மனுசனில் அவ்வளவு நம்பிக்கை இல்லையாம். போடலாம், வந்து பேசுங்கள் என்றார் நிலையத்துத் தாதி. அதற்குப் பிறகு யாரோ பாட்டுப் போட்டார்கள்.

"அதுக்குப் பிறகுதான் ஜன்னல் அதிர்ந்தது," என்று முடித்தார் இராஜரட்ணம். "இப்பவும் போத்தல் கீழைதான், அவவின்ரை குளிசைக்குப் பக்கத்திலை இருக்கு. ஒரு நாள் தவறாது. சொல்லும், நம்புறீரோ?"

"அரைவாசி."

"அப்ப அது தொட்டில் இல்லை, உடுப்புக்கூடை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

கிளிபோட் கோப்பியைக் கலக்கினார். சீனி போடாத கோப்பி.

"மலர் வீடு தேடி வந்து தட்டம் நீட்டிப்போட்டா. கற்கண்டையும் வாய்க்குள்ளை போட்டிட்டன். பிறகு போகாமல் விடேலுமே ஐசே? கதவடியிலை நிண்டனான். அந்த மனிசி பஸ்ஸிலை வந்து இறங்கி, உள்ளை போறதோ விடுறதோ எண்டு நிக்கேக்கை கதவைத் திறந்து பிடிச்சது நான்தான்."

"முழங்கால் நோகேல்லையோ?"

"நொந்தது. ஆடினாப் பிறகு."

இராஜரட்ணம் தன் டோனட்டில் மிச்சப் பாதியைக் கிளிபோட்டின் பக்கம் தள்ளினார்.

"நடந்ததுதான் ஐசே," என்றார் கிளிபோட். "அவ குளிசை குடுத்தது, அவன் விழுங்கினது, எல்லாம் என்ரை கண்ணாலை கண்டது. ஜன்னலும் கொஞ்சம் அதிர்ந்ததுதான்."